கிலோவிலும் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆடிட்டர்

சேலத்தில் வெள்ளிக் கொலுசுத் தொழில் செய்யும் குடும்பங்கள் வரி ஆலோசனைக்கு யாரிடம் போவது என்று தேடினால், அழகாபுரத்தில் இருக்கும் இந்த ஆபீஸைத் தயங்காமல் சொல்வேன். எங்கள் பட்டறை செவ்வாய்ப்பேட்டையில். அப்பா, அண்ணன், நான் மூவரும் பங்குதாரர்கள். 2025 கோடையில்தான் இங்கே மாறினோம். முன்பு பார்த்த ஆடிட்டர் செப்டம்பர் கடைசியில் கூப்பிட்டு "இந்த வருஷம் லாபம் எவ்வளவு காட்டலாம்" என்று கேட்பார், கையெழுத்து வாங்குவார், அவ்வளவுதான். நோட்டீஸ் வந்தால் மட்டும்தான் மறுபடி பேச்சு.

இந்த ஆடிட்டர் முதல் சந்திப்பிலேயே எடை நோட்டைக் கேட்டார். வீட்டில் வைத்து வேலை செய்யும் ஆட்களுக்குக் கொடுத்த கட்டி, திரும்பி வந்த கொலுசு, சேதாரம், எல்லாம் அப்பா கையால் எழுதிய நோட்டு. அதைப் பக்கம் பக்கமாகக் கம்ப்யூட்டரில் டாலி கணக்கில் இருந்த ஸ்டாக்கோடு வைத்துப் பார்த்தார். கட்டி வெள்ளியும் கொலுசும் ஒரே கணக்கில் கிலோவாகக் கலந்து கிடந்தது. 70 டச், அதாவது நூற்றுக்கு 70 பங்கு வெள்ளி உள்ள கொலுசு ஒரு கிலோ என்றால் அதில் சுத்த வெள்ளி 700 கிராம்தானே, இரண்டையும் கூட்டி ஸ்டாக் எழுதினால் வருஷக் கடைசியில் இருப்பு எப்படி நிற்கும்? இதைக் கேட்ட முதல் ஆடிட்டர் இவர்தான். இப்போது எல்லாமே சுத்த வெள்ளிக்கு மாற்றி எழுதப்படுகிறது.

அப்புறம் பில். கடைக்காரர் தன் வெள்ளியைக் கொடுத்து நாம் கூலிக்குச் செய்து கொடுத்தால், கூலிக்கு மட்டும் 5 சதவீதம் ஜிஎஸ்டி. நம் வெள்ளியில் செய்து விற்றால் கொலுசின் முழு மதிப்புக்கும் 3 சதவீதம். நம் ஊரில் இரண்டும் கலந்துதான் நடக்கும், கொலுசை வாங்கிக்கொண்டு பணத்துக்குப் பதில் வெள்ளியாகவே திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. அதுவும் விற்பனைதான், இரண்டு பக்கமும் பில் வேண்டும் என்று எங்களுக்கு மட்டும் இல்லாமல் எங்களிடம் வாங்கும் கடைக்காரரையும் போனில் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். வேலையாட்களுக்குப் போகும் வெள்ளிக்கு சலான் (சரக்கு அனுப்பும் சீட்டு) போட வேண்டும், ஒரு வருஷத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்பதையும் பட்டறைக்கே வந்து எங்கள் கணக்குப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் இவருடைய அருமை தெரிந்தது வெள்ளி ஏறியபோதுதான். 2025 தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சத்துக்குள் இருந்த வெள்ளி டிசம்பரில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. நம் தொழிலில் லாபத்தைக் கிலோவில்தான் பார்ப்போம். ஏப்ரலில் 10 கிலோ, மார்ச்சில் அதே 10 கிலோ என்றால் வந்தது கூலி லாபம் மட்டும்தான் என்று மனசு சொல்லும். வருமான வரிக்கு அந்தக் கணக்கு செல்லாது. பழைய வெள்ளி விற்றுப்போய், 9 லட்சத்தில் இருந்த இருப்பின் இடத்தில் 20 லட்சம் அடக்கத்தில் புது வெள்ளி நிற்கிறது என்றால் நடுவில் இருக்கும் 11 லட்சமும் லாபம். கூட்டு நிறுவனத்துக்கு 30 சதவீத வரி, அதற்கு மேல் 4 சதவீத செஸ், ஆக சுமார் 3.43 லட்சம் கட்ட வேண்டும். கையிலோ பணம் இருக்காது, எல்லாம் வெள்ளியாக முடங்கிக் கிடக்கும். கடைசியாக வாங்கியதை முதலில் விற்றதாகக் காட்டும் முறைக்கு இங்கே அனுமதியும் இல்லை.

செப்டம்பர் 15 அட்வான்ஸ் டாக்ஸ் தவணைக்கு முன்பே எங்களைக் கூப்பிட்டு இதைத் தாளில் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கைத் தனி அக்கவுண்டில் போட்டு வையுங்கள், அந்தப் பணத்துக்கு மட்டும் வெள்ளி வாங்காதீர்கள் என்றார். அப்பாவுக்குக் கோபம். ஏறுகிற நேரத்தில் வெள்ளி வாங்காமல் பணத்தை பேங்கில் தூங்க விடுவதா என்று எழுந்தே விட்டார். ஆடிட்டர் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, வரி கட்ட மார்ச்ல வெள்ளியை வித்தீங்கன்னா அன்னைக்கு விலை உங்க கையில இல்ல" என்றார். அப்பா திரும்ப உட்கார்ந்தார். அந்த அக்கவுண்ட் இருந்ததால்தான் டிசம்பர், மார்ச் தவணைகளைக் கடன் வாங்காமல் கட்டினோம்.

குடும்பத் தொழிலுக்கு ஆலோசனை சொல்பவர் குடும்பத்தோடு பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அம்மா சீட்டு எடுத்த பணத்தை ரொக்கமாகப் பட்டறையில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால், கொடுத்தது பெற்ற தாயே ஆனாலும், அதே அளவு தொகை அபராதமாக வரலாம். இதை எங்களிடம் சொல்லி அனுப்பாமல் அம்மாவையே வரச் சொல்லிப் பேசினார். "சீட்டு பாஸ்புக்கை பத்திரமா வைங்கம்மா, பணத்தை உங்க அக்கவுண்ட்ல போட்டு அங்கிருந்து மாத்துங்க. நாளைக்கு பசங்க தனித்தனியாப் போனாலும் உங்க பணம் உங்க பேர்ல நிக்கும்" என்றார். அம்மா உடனே வட்டி உண்டா என்று கேட்டார். உண்டு என்று அதையும் எழுதி வைத்தார்.

கூட்டுப் பத்திரத்தையும் புதுசாக எழுத வைத்தார். பழையதில் லாபப் பங்கு மட்டும்தான் இருந்தது, பங்குதாரர் சம்பளம் பற்றி ஒரு வரி இல்லை. பத்திரத்தில் இல்லாத சம்பளத்தைச் செலவாகக் கழிக்க முடியாது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தச் சம்பளமும் வட்டியும் சேர்ந்து ஒருவருக்கு வருஷம் 20,000 ரூபாயைத் தாண்டினால் கொடுக்கும்போதே 10 சதவீதம் வரி (டிடிஎஸ்) பிடிக்க வேண்டும் என்பதும் இவர் சொல்லித்தான் தெரியும்.

குறைகளும் உண்டு. ஃபீஸ் முன்பு கொடுத்ததைவிட நன்றாகவே அதிகம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாளான 11, 20 தேதிகளில் போன் எடுக்க ஆளே இல்லை, அவசரம் என்றால் நேரில்தான் போக வேண்டும். போனால் வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஜூனியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள், டச் என்றால் என்ன என்று முதலில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வளவு ஃபீஸ் வாங்கும் இடத்தில் இதைச் சரி செய்யவேண்டும்.

சரக்கு இல்லாமல் பில் மட்டும் வாங்கிக் கணக்கை நேர் செய்து கொடுப்பார் என்று நினைத்துப் போகாதீர்கள், முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். முதல் முறை போவதாக இருந்தால் ஏப்ரல், மே மாதத்தில் போங்கள், உட்கார்ந்து பேச நேரம் கொடுப்பார். எடை நோட்டையும் பழைய கூட்டுப் பத்திரத்தையும் கையோடு எடுத்துப் போங்கள், முதலில் அவற்றைத்தான் கேட்பார்.