பழைய சி10 டிரக்கில் ஹெடர்: தற்காலிக சைலன்சர் வேலையில் எது தாங்கியது, எது தாங்கவில்லை

என்னுடைய டிரக் 1972 ஷெவர்லே சி10, 350 கன அங்குல வி8 எஞ்சின். இதில் எஞ்சினின் புகையை வாங்கி வெளியே அனுப்பும் பழைய மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் உள்ள நீளக் குழாய் ஹெடர் மாட்டினால் பழைய பைப் எதுவும் பொருந்தாது. மேனிஃபோல்டில் பைப் சேரும் இடம் எஞ்சினை ஒட்டியே இருந்தது. ஹெடர் குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டரோ கியர்பாக்ஸ் பக்கம் வரை பின்னால் போய்விடுகிறது, வாயும் 3 அங்குலம். வெல்டிங் கடைவரை ஓட்டிப் போகவாவது எதையாவது கட்டியாக வேண்டும்.

ஹெடரும் எஞ்சினும் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்க, ஹெடரோடு பெட்டியில் வந்த காகித கேஸ்கெட்தான் முதலில் போனது. விளிம்பு கருகி, குளிர் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று சத்தம். மெத்தென்ற அலுமினிய கேஸ்கெட் போட்டபின் அந்தப் பக்கம் பிரச்சினையே இல்லை. ஆனால் ஹெடர் போல்ட்டுகள் சூடேறி ஆறும்போது தளரும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, எஞ்சின் ஆறியதும் மறுபடி இறுக்குங்கள்.

அடுத்து போனது வளையும் ஃப்ளெக்ஸ் பைப். பொருத்துவதற்கு அதைவிட எளிது எதுவும் இல்லை, ஆனால் அதன் மடிப்புகள் வழியாகவே புகை கசியும். ஒருபக்கம் அதை எடுத்துவிட்டு நேர் பைப் போட்டதும் சத்தமே மாறிவிட்டது.

கிளாம்ப் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. யூ-போல்ட் கிளாம்ப் பைப்பை நசுக்கிப் பிடிக்கும். பிறகு கழற்ற வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும். பட்டை கிளாம்ப் விலை கூட, ஆனால் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும், பைப்பை அறுக்காமலே கழற்றலாம். தற்காலிக வேலைக்கு அதுதானே தேவை?

எதில் சிக்கனம் பிடித்தாலும், பைப்பைக் கேபினுக்கு அடியில் முடிக்காதீர்கள். இந்த வயது டிரக்கின் தரையில் துரு ஓட்டை இல்லாமல் இருக்காது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலி வரும்போதே தாமதம்தான். சைலன்சரோடு நிறுத்தாமல், கேபினைத் தாண்டிப் பின்னால்வரை ஒரு பைப் கொண்டுபோனேன். அப்புறம் கசிவு பார்க்க, ஒருவர் ஈரத்துணியால் பின்வாயை ஒரு நொடி அடைத்துப் பிடித்தால் போதும், ஓட்டை உள்ள இணைப்பு சீறும்.

இப்போது பின்பகுதி முழுக்க வெல்டிங் ஆகிவிட்டது. கலெக்டரை ஒட்டிய பட்டை கிளாம்ப்பை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன், கியர்பாக்ஸை இறக்கும் நாளில் பைப்பை அறுக்கக் கூடாது என்பதற்காக.