போனில் மன்னிப்பா, கடிதத்திலா?

மும்பை தாராவியில் தோல் பை தைத்து அனுப்பும் நம்மவர்களுக்கு ஜூலை மழையில் சரக்கு தாமதமாவது புதிதல்ல. வாடிக்கையாளரிடம் போனில் மன்னிப்பு கேட்பதா, கடிதம் எழுதுவதா?

சரக்கு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் என்றால் போன் போதும். ஆனால் அவர் கூப்பிடும் முன்பே நாம் கூப்பிட வேண்டும். கடையின் பெயர், ஆர்டர் எண் சொல்லி, "இப்போது பேசலாமா சார்?" என்று கேளுங்கள். அவர் கோபப்பட்டால் குறுக்கே பேசாதீர்கள்.

பணம், பழுது, மாற்றுச் சரக்கு என்று வந்துவிட்டால் கடிதமே என் தேர்வு. போனில் சொன்னதை இரண்டு பேரும் இரண்டு விதமாக நினைவு வைத்திருப்பார்கள். என்ன தவறு, எந்தத் தேதிக்குள் சரிசெய்வோம் என்பது முதல் பத்தியிலேயே வரட்டும். மழையைப் பற்றி ஒரு வரி போதும். "சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். சிரமம் ஏற்பட்டுத்தானே இருக்கிறது! படிக்கிறவருக்கு இன்னும் எரிச்சல்தான் வரும்.

அப்புறம், நகல் ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம்.