ஷாம்பெயினா, ப்ரொசெக்கோவா?

இரண்டும் நுரைக்கும் ஒயின்தான். நுரையைத் தரும் இரண்டாவது நொதித்தல் எங்கே நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பிரான்சின் ஷாம்பெயினுக்கு அது பாட்டிலுக்குள்ளேயே நடக்கிறது. விண்டேஜ் அல்லாத, அதாவது ஒரே ஆண்டு அறுவடை என்று குறிக்காத, சாதாரண ஷாம்பெயினே குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். அதில் 12 மாதம் ஈஸ்ட் வண்டலோடு. சுட்ட ரொட்டி வாசனை அந்த வண்டல் தருவது. அப்புறம் பாட்டிலைச் சிறிது சிறிதாகத் தலைகீழாக்கி, கழுத்தில் சேரும் வண்டலை உறையவைத்து வெளியேற்றுகிறார்கள். விலை ஏறுவதில் நியாயம் இருக்கிறது.

வடகிழக்கு இத்தாலியின் ப்ரொசெக்கோவில் குறைந்தது 85 சதவீதம் க்ளெரா திராட்சை. பெரும்பாலும் பெரிய எஃகுத் தொட்டியிலேயே நுரைத்துவிடும். பச்சை ஆப்பிள், பேரிக்காய் மணம் அப்படியே நிற்கும். அதைக் குறையாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒரு கோப்பை என்றால் ப்ரொசெக்கோவையே எடுப்பேன். வறுத்த கோழிக்கு, சரி, ஷாம்பெயின்தான்.