டிக்ஷனரி ஆப் ரிவ்யூ: காலனைஸ்னு தேடுனா பாதி அர்த்தம் தான் வருது

இந்த இங்கிலிஷ் தமிழ் டிக்ஷனரி ஆப்பை கொஞ்ச நாளா யூஸ் பண்ணிட்டு இருக்கேன், பேரு வேணாம் விடுங்க. வேகம் ஓகே, ஆடியோ தெளிவா இருக்கு, விளம்பரம் தான் உயிரை வாங்குது. ஆனா ஒரு டிக்ஷனரி எப்படின்னு தெரியணும்னா பூனை நாய்னு தேடி பிரயோஜனம் இல்ல, அரசியல் கலந்த வார்த்தையா போட்டு பாக்கணும். நான் போட்டது காலனைஸ் (colonise) ங்கிற வினைச்சொல்.

முதல் அர்த்தமே "வேறு நாட்டில் சென்று குடியேறு", அவ்ளோதான். கீழ உதாரணம் என்னன்னா, பிரிட்டிஷார் இந்தியாவை காலனைஸ் செய்தனர். மேல சொன்னதுக்கும் கீழ சொன்னதுக்கும் என்னய்யா சம்பந்தம்? 1788ல ஆஸ்திரேலியாவுல கப்பல் கப்பலா ஆளுங்களை இறக்கி, அங்க காலங்காலமா இருந்தவங்க நிலத்தை புடுங்கி உக்காந்தாங்க பாருங்க, அதுக்கு குடியேறுன்னு போட்டா பாதியாவது ஒட்டும். இந்தியாவுல நடந்தது வேற கதை, வியாபாரம்னு வந்த கம்பெனி 1765ல வங்காளத்தோட வரி வசூல் உரிமையை வாங்கிக்கிச்சு, அப்புறம் 1858ல நேரா பிரிட்டிஷ் அரசாங்கமே ஆட்சியை எடுத்துக்கிச்சு, வந்த வெள்ளைக்காரங்கள்ல பெரும்பாலானவங்க சர்வீஸ் முடிஞ்சதும் மூட்டையை கட்டிட்டு ஊருக்கு கிளம்பிட்டாங்க. அங்க இந்த வார்த்தைக்கு அர்த்தமே அடுத்தவன் நாட்டை பிடிச்சு ஆண்டு, இருக்கறதை சுரண்டி எடுத்துட்டு போறது தான். குடியேறுன்னு மட்டும் படிக்கிற ஸ்கூல் பையன், ஏதோ வாடகைக்கு வீடு பாத்து வந்த மாதிரி நினைச்சுக்குவான்.

இன்னொன்னும் விட்டுட்டாங்க. இந்த வினைக்கு பின்னாடி எப்பவும் நாடு தான் வரணும்னு இல்ல, மனுஷங்களும் வரலாம், அதாவது ஒரு கூட்டத்தை கொண்டுபோய் வேற இடத்துல குடியமர்த்துறது. 1816ல அமெரிக்கன் காலனைசேஷன் சொசைட்டின்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க, சுதந்திரமா இருந்த கறுப்பின மக்களை மேற்கு ஆப்பிரிக்காவுல கொண்டுபோய் இறக்குறது தான் அதோட வேலை. 1847ல தனி நாடான லைபீரியா அப்படி உருவானது தான். இப்ப இந்த பிரயோகம் அவ்வளவா இல்ல, ஆனா பழைய புக் படிக்கிறவனுக்கு தேவைப்படுமே, ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சுடும்?

பாராட்ட வேண்டியதையும் சொல்லிடுறேன். செடி கொடி, பூச்சி ஒரு புது இடத்துல போய் பரவுறதுக்கும் இதே சொல் தான்னு தனியா பிரிச்சு காட்டியிருக்காங்க, உதாரணமும் அருமை, 1963ல ஐஸ்லாந்து பக்கம் கடலுக்குள்ள எரிமலை வெடிச்சு உருவான சர்ட்சே தீவுல செடி முளைச்ச கதை. சரி தேறிடுச்சுன்னு நினைச்சேன், அடுத்த வரியிலயே கவுத்துட்டாங்க. பாக்டீரியா காலனைஸ் பண்றதுன்னா "தொற்று ஏற்படுத்து"ன்னு போட்டிருக்கு. இது சும்மா விடக்கூடிய தப்பு இல்ல. கிருமி உடம்புல ஒரு இடத்துல தங்கி பெருகுது, ஆனா ஆளுக்கு ஒரு தொந்தரவும் இல்லன்னா அது காலனைசேஷன். அதே கிருமி திசுவுக்குள்ள பூந்து சீழ், காய்ச்சல்னு கிளப்பிவிட்டா தான் இன்ஃபெக்ஷன். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்னு ஒரு பாக்டீரியா, நல்லா இருக்கிற எத்தனையோ பேர் மூக்குல சும்மா குடித்தனம் பண்ணிட்டு இருக்கும். லேப் ரிப்போர்ட்ல காலனைஸ்டுன்னு இருக்கறதை பாத்துட்டு இந்த ஆப்பை திறந்தீங்கன்னா ராத்திரி தூக்கம் போச்சு.

ஸ்பெல்லிங் விஷயம் சுமார். colonise-னு எஸ் போட்டா பிரிட்டிஷ், colonize-னு இசட் போட்டா அமெரிக்கன்னு போட்டு முடிச்சுட்டாங்க, ஆனா பிரிட்டிஷ்காரங்களோட ஆக்ஸ்ஃபோர்டு டிக்ஷனரியே இசட் தான் முன்னாடி போடுது. எதை எழுதினாலும் உச்சரிப்பு ஒன்னு தான், ஆடியோவும் அப்படித்தான் சொல்லுது. வேர்ச்சொல் பகுதி காலி, லத்தீன்ல கொலோனஸ்னா விவசாயின்னு ஒரு வரி போட இடமா இல்ல.

கடைசியா டீகாலனைஸ்னு அடிச்சேன். 1960ல ஐ.நா. பொதுச்சபை காலனி நாடுகளுக்கு விடுதலை கொடுக்கணும்னு 1514ஆம் தீர்மானமே போட்டாச்சு, இப்ப யூனிவர்சிட்டி பாடத்திட்டம் வரைக்கும் இந்த வார்த்தை புழங்குது. ஆப் என்ன சொல்லுதுன்னா, கிடைக்கவில்லை, நீங்கள் தேடுவது கொலோனா? அதாங்க, மேல அடிச்சுக்குற சென்ட்டு. அந்த சென்ட்டுக்கு பேரு வந்தது ஜெர்மனியில இருக்கிற கொலோன் ஊர்ல இருந்து, ஊருக்கு பேரு வந்தது ரோமானியர் அங்க வச்ச காலனியில இருந்து, அதனால தெரியாத்தனமா ஒரு வேர்ச்சொல்லை எடுத்து குடுத்துடுச்சுன்னு வச்சுக்கலாம். ரெண்டரை ஸ்டார், அதுல பாதி சர்ட்சேவுக்கு.