ஒரு பல் போனால்: பிரிட்ஜா, இம்பிளான்ட்டா?

பிரிட்ஜ் என்பது இருபக்கப் பற்களையும் பிடிமானமாக வைத்து இடைவெளியில் பொருத்தும் செயற்கைப் பல். இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் திருகு போல ஒன்றைப் பதித்து, அதன் மேல் வைக்கும் செயற்கைப் பல்.

செலவு: தொடக்கத்தில் பிரிட்ஜ் குறைவு, இம்பிளான்ட் அதிகம்.

நேரம்: பிரிட்ஜ் சில வாரங்களில் முடியும். இம்பிளான்ட் எலும்போடு பிடிக்கவே பெரும்பாலும் 3 முதல் 6 மாதம்.

பக்கத்துப் பற்கள்: இங்கேதான் பெரிய வித்தியாசம். வழக்கமான பிரிட்ஜுக்கு இருபக்கப் பல்லையும் சீவியாக வேண்டும். சீவிய எனாமல் திரும்ப வளராது. அந்தப் பல்லில் சொத்தை விழுந்தால் மொத்த பிரிட்ஜுக்கும் ஆபத்து. இம்பிளான்ட் அவற்றைத் தொடுவதில்லை. ஆனால் போதிய எலும்பு வேண்டும். புகைப்பழக்கமும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் அதற்கு ஆகாது.

சுத்தம்: பிரிட்ஜின் அடியில் நூல் விட்டு எடுக்க வேண்டும், கொஞ்சம் சள்ளைதான். இம்பிளான்ட்டில் சொத்தை வராது. ஈறு அழற்சி வரலாம்.

பக்கத்துப் பற்களுக்கு ஏற்கெனவே கேப் (பல்லைச் சீவி மேலே போடும் உறை) தேவை என்றால் பிரிட்ஜே சரி. அவை பழுதில்லாமல் இருந்தால் என் ஓட்டு இம்பிளான்ட்டுக்கு.