மலைக்கு 34 பல் வேண்டும்: ஷிமானோ 11–34 காசெட்டோடு நீலகிரிச் சாலைகளில்

நீலகிரியில் ரோடு சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் விலை கூடிய சக்கரம், எடை குறைந்த சட்டம் என்றெல்லாம் பணம் போடுவதற்கு முன்னால் பின்பக்கக் காசெட்டை, அதாவது பின்சக்கரத்திலுள்ள பல்சக்கர அடுக்கை, மாற்றுங்கள். நான் மாற்றியது ஷிமானோவின் எச்.ஜி.500, 10 ஸ்பீடு, 11–34: பத்துப் பல்சக்கரம், சின்னதில் 11 பல், பெரியதில் 34 பல். ஆடிக் காற்று, ஐப்பசி மழை, மார்கழி உறைபனி, மே மாதக் கூட்டம் எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கோத்தகிரியில் கணக்கு டீச்சர் நான். வயது ஐம்பதை நெருங்குகிறது. அம்மா அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். முதுகில் கூடையோடு தினமும் மேடேறி இறங்கிய குடும்பம் எங்களுடையது. சைக்கிள் எனக்கு நாற்பதுக்கு மேல் வந்த ஆசை. பந்தயத்துக்கெல்லாம் போகிறவள் இல்லை. ஏற்றத்தில் இறங்கித் தள்ளாமல், மறுநாள் காலை வகுப்பில் நிற்கிற அளவுக்கு முட்டி மிச்சமிருக்கும்படி ஓட்ட வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

சைக்கிளோடு வந்தது 12–28 காசெட். முன்னால், பெடல் பக்கம், 50 பல்லும் 34 பல்லுமாக இரண்டு பல்சக்கரம். கோயம்புத்தூரில் ஒரு கடையில் மலைக்கு இது போதுமா என்று கேட்டேன். "28 தாராளமா போதும் மேடம், காலுக்குப் பழக்கம் வரணும், அவ்வளவுதான்" என்றார்கள். மலையில் ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இந்த அறிவுரை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. என் அக்கா மகன் அயர்லாந்தில், கார்க் நகரத்தில் நர்ஸாக இருக்கிறான். அவனும் சைக்கிள் பைத்தியம். கார்க்கும் கெர்ரியும் சந்திக்கிற ஹீலி கணவாயில் 28 பல்லோடு ஏறிய கதையைப் போனில் சொன்னான். "சித்தி, கடல் மட்டத்துல ஆரம்பிச்சு மேல போனா 330 மீட்டர் சுமார்தான். எதிர்க்காத்துதான் ஆளைக் கொல்லும்" என்றான். கில்லார்னி ஏரிகள், மழையில் நனைந்த ஆட்டு மந்தைகள், ஒரு கார் மட்டும் போகிற கிராமத்துச் சாலைகள் என்று படமாக அனுப்புவான். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த நாட்டின் மிக உயரமான கேரன்டூஹில் மலையே 1,038 மீட்டர்தான். எங்கள் குன்னூர் பஸ் ஸ்டாண்டு அதைவிட சுமார் எழுநூறு மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே ஏற்றம் முடிகிற இடத்தில் நமக்கு, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் வழியில் உள்ள குஞ்சப்பனைகூட வந்திருக்காது. அந்த ஊர்களுக்காகச் சொல்லப்படும் கியர் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கே கணக்கு வேறு. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். அங்கிருந்து கோத்தகிரிக்கு 33 கி.மீ. வந்து சேரும்போது 1,800 மீட்டரை நெருங்கிவிடுகிறோம். நடுவில் மூச்சு வாங்க ஓர் இறக்கம்கூட ஒழுங்காகக் கிடைக்காது. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறுகிறேன் என்று வையுங்கள். 28 மி.மீ. டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.14 மீட்டர் போகும். முன்னால் 34, பின்னால் 28 என்றால் ஒரு மிதிக்கு 2.6 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 51 மிதி. பின்னாலும் 34 என்றால் ஒரு மிதிக்கு அதே 2.14 மீட்டர், நிமிடத்துக்கு 62 மிதி. வேகம் ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். ஆனால் 51-இல் ஒவ்வொரு மிதியையும் முட்டியால் இடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. 62-இல் கால் சுற்றுகிறது, பாரத்தை மூச்சு வாங்கிக்கொள்கிறது. மூச்சு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் திரும்பிவிடும். முட்டி திரும்ப ஒரு வாரம் ஆகும்.

நம்மூர் மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், சதவீதத்தில் 8.33. வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தில் சக்கரம் மட்டும் போட்டு அங்கே ஏற முடியாது என்று தெரிந்துதான் நடுவில் பல் தண்டவாளம் போட்டார்கள். 1899-இல் குன்னூர் வரை அப்படித்தான் ரயில் வந்தது. இந்த மலையில் பல் வைத்து ஏறுவது நூறு வருஷத்துக்கு மேல் பழைய வழக்கம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பொருளுக்கு வருகிறேன். பல் வரிசை இது: 11, 13, 15, 17, 19, 21, 23, 26, 30, 34. மேலே மூன்று பெரிய பல்லும் மலைக்கானவை. 26-இலிருந்து 30, 30-இலிருந்து 34 என்று மாறும்போது கால் தடுமாறுவதில்லை. சாலை திடீரென்று நிமிர்கிற இடத்தில் ஒரு கிளிக், இன்னும் ஒரு கிளிக், அவ்வளவுதான். பாரம் இருக்கும்போது மாற்றினாலும் செயின் மறுக்காமல் ஏறுகிறது. இதை நான் தொட்டபெட்டாவில் சோதித்தேன். கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகிற வழியில் பிரிகிற அந்தச் சிகரச் சாலை சுமார் 3 கி.மீ.தான். ஆனால் மொத்த வழியும் ஏறி வந்த காலுக்கு அது தனிப் பரீட்சை. 2,637 மீட்டர், காற்றே கொஞ்சம் மெலிந்துபோன உயரம். 34-இல் உட்கார்ந்தபடியே மேலே போய்ச் சேர்ந்தேன். எழுந்து நின்று மிதிக்கவில்லை. அதுதான் எனக்கு முக்கியம்.

நான் மனசார ரசித்து ஓட்டுகிற சாலை தொட்டபெட்டா இல்லை, எமரால்டு பக்கம். ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா வழியாக, நஞ்சநாடு, இத்தலார் பக்கம் போகிற சாலை. ஒரே ஏற்றமாக இருக்காது, ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் படிப்படியாகக் கேரட், பீட்ரூட், பூண்டு. விடியற்காலையில் கேரட் கழுவுகிற இடங்களில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். கழுவிய மூட்டைகளோடு லாரிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பும். அந்த லாரிகள் விட்டுப்போகிற செம்மண் சேறு மழைக்காலத்தில் காசெட்டின் ஒவ்வொரு இடுக்கிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த ஓட்டத்துக்குப் பிறகு பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் இல்லாமல் படுக்கப் போகாதீர்கள். ஊறவிட்டால் மறுநாள் கியர் கரகரக்கும். கழுவித் துடைத்து எண்ணெய் விட்டால் புதுசு மாதிரி மாறும். பல் நன்றாகத் தாங்குகிறது. செயின்தான் சீக்கிரம் நீள்கிறது. செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று காட்டும் அளவுகோலில் 0.75 சதவீதம் தொடுவதற்குள் செயினை மாற்றிவிட்டால் காசெட் நீண்ட நாள் வரும்.

ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் ஊர்களுக்கு, நடுவே புகுந்து போய், ஒரு திருப்பத்தில் எமரால்டு அணைத் தண்ணீர் தெரியும். கொழும்புத் திட்டத்தில் கனடா உதவியோடு கட்டிய குந்தா மின்திட்டத்தின் நீர்த்தேக்கங்கள் இவை. எமரால்டும் அவலாஞ்சியும் ஒட்டிப் பிறந்தவை. அவலாஞ்சியில் வனத்துறை வாயில் வரைதான் சைக்கிள், அதற்கு மேல் அவர்கள் வண்டியில்தான் போக வேண்டும். அது சரியான ஏற்பாடு, சோலை பிழைத்திருப்பது அதனால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அந்த மாதங்களில் கோத்தகிரிப் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும், இங்கே ஓட்டலாம். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு மழை, அப்போது மேற்கே போகலாம். ஆக வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பக்கம் சாலை நமக்குத் திறந்திருக்கும்.

இந்த மாதிரி ஏற்ற இறக்கச் சாலையில்தான் 11–34-இன் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும். 15, 17, 19, 21 என்று இரண்டிரண்டாகப் போவதால் குறை தெரியவில்லை. குறை தெரிவது சமவெளியில். மேட்டுப்பாளையத்திலிருந்து கோயம்புத்தூர் நோக்கி ஒரே வேகத்தில் போகும்போது 15 கொஞ்சம் கனம், 17 கொஞ்சம் லேசு. நடுவில் 16 இருந்தால் நன்றாக இருக்குமே என்று கால் தேடும். பழைய காசெட்டில் 12, 13, 14, 15 என்று நெருக்கமாக இருந்தது நினைவுக்கு வரும். கூட்டத்தோடு சமவெளியில் வேகமாக ஓட்டுவதுதான் உங்கள் வழக்கம் என்றால் இதை வாங்க வேண்டாம். மலைதான் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் காசெட் இறக்கத்துக்கு உதவாது. மலைச்சாலையில் 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அது இஞ்சின் உள்ள வண்டிக்கு. சைக்கிளில் எந்தக் கியர் போட்டாலும் வேகத்தைப் பிடிப்பது பிரேக் மட்டும்தான். காசெட் வாங்குகிற நாளிலேயே புதுப் பிரேக் பேடும் வாங்கிவிடுங்கள். வளைவுக்குள் போய்ப் பிடிக்காமல் வளைவுக்கு முன்னால் பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்க வேண்டும். ஓயாமல் அழுத்திக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடாகிப் பிடிமானம் போய்விடும்.

கல்லட்டியைப் பற்றிப் பலர் கேட்பார்கள். மசினகுடியிலிருந்து தலைக்குந்தா வரும் அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பல இடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரீஸ் சைக்கிள் பயணத்தால் பெயர் பெற்ற ஏற்றம் அது. 34 பல் இருந்தால் அதிலும் ஏறலாம். ஆனாலும் தனியாகப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். யானை நடமாட்டம் உள்ள காடு அது, சைக்கிளுக்குச் சத்தமில்லை. திருப்பத்தில் நாம் வருவது அதற்குத் தெரியாது, அது நிற்பது நமக்குத் தெரியாது. எங்கள் குஞ்சப்பனையிலேயே பலாப்பழக் காலத்தில் யானை சாலைக்கு வரும். செக்போஸ்டில் நின்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன். "டீச்சர், அரை மணி நேரம் இருங்க" என்பார்கள். இருப்பேன்.

தண்ணீருக்கு இரண்டு பாட்டில் சைக்கிளிலேயே இருக்கட்டும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சாலையோரம் வைத்திருக்கிற தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம். பசிக்கு வர்க்கியும் டீயும் எங்கும் கிடைக்கும்.

வாங்கும் முன்னால் பின்பக்க டீரெய்லரை, அதாவது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றிவிடும் கருவியை, பாருங்கள், பணம் வீணாவது அங்கேதான். என் சைக்கிளில் இருந்த ஷிமானோ டியாக்ரா வகைக் குட்டைக்கால் டீரெய்லர் 28-க்கு மேல் ஏற்காது. நீளக்கால் கொண்ட ஜி.எஸ். வகை 34 வரை எடுக்கும், அதையும் சேர்த்துத்தான் மாற்றினேன். செயினும் புதிதாக, நீளமாக வேண்டும். முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் இரண்டிலும் செயினைப் போட்டுப் பார்த்து, அது விறைத்து நிற்காத நீளத்துக்குத்தான் வெட்ட வேண்டும். காசெட், டீரெய்லர், செயின், மாட்டுக்கூலி எல்லாம் சேர்ந்தும் சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. உங்களுடையது 11 ஸ்பீடு என்றால் அதற்கும் 11–34 இருக்கிறது, எச்.ஜி.700. அதில் 25, 27 என்று கூடுதல் படிகள் வருவதால் ஏற்றத்தில் இன்னும் சுகமாக இருக்கும்.