கிராங்க் சென்சார்: விஆரா, ஹாலா?

கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கம் உதிரிபாகக் கடைகளில் ஜப்பானிய ‘ஹாஃப் கட்’ (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்) எஞ்சின் வாங்கி, பழைய கொரோலாவிலோ புரோட்டோனிலோ ஏற்றுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். எஞ்சின் உட்கார்ந்துவிடும், எஞ்சினை இயக்கும் கணினியான இசியுவும் புதிதாக வந்துவிடும். ஆனால் சாவியைத் திருப்பினால் பற்றாது. பற்றினாலும் நான்காயிரம் சுற்றுக்கு மேல் திக்கும். உடனே பழி இசியு மீது விழும். நான் முதலில் சந்தேகிப்பது கிராங்க் சென்சாரிலிருந்து வரும் அந்த ஒரு முழ வயரைத்தான்.

இசியுவுக்கு முதலில் தெரிய வேண்டியது, கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, இந்த நொடியில் எந்த டிகிரியில் நிற்கிறது என்பது. அதைச் சொல்ல ஒரு பல் சக்கரமும் அதன் எதிரே ஒரு சென்சாரும் வேண்டும். 36-1 சக்கரம், அதாவது 36 பல் இடங்களில் ஒன்று விடுபட்டது என்றால் 10 டிகிரிக்கு ஒரு பல். 60-2 என்றால் 6 டிகிரிக்கு ஒன்று. பல் விடுபட்ட இடத்தை வைத்துத்தான் இசியு எண்ணிக்கையைத் தொடங்குகிறது.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருப்பதையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டரில் 24 பல் இருக்கிறது. ஆனால் அது கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், கிராங்க் ஒரு சுற்று முடிக்கும்போது 12 பல்தான் கடக்கும். 30 டிகிரிக்கு ஒரு தகவல். நடுவே டைமிங் பெல்ட்டின் நெகிழ்வு வேறு. கார் ஓடும், ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் டர்போ வைத்த எஞ்சினுக்கு அந்தத் துல்லியம் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். கிராங்க் புல்லியிலேயே சக்கரத்தைப் பொருத்துங்கள். அப்போதுதான் உண்மையான கேள்வி எழுகிறது: எதிரே வைக்கும் சென்சார் விஆரா, ஹாலா?

விஆர் (வேரியபிள் ரிலக்டன்ஸ்) சென்சாருக்குள் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் காயிலும்தான் இருக்கின்றன. மின்சாரம் கொடுக்க வேண்டாம்; பல் கடக்கும்போது அதுவே மின்னழுத்தத்தை உண்டாக்கும். எலக்ட்ரானிக் பாகம் எதுவும் இல்லாததால் சூட்டை நன்றாகத் தாங்கும். அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது ஒரு வோல்ட்கூட வராமல் போகலாம்; வேகம் கூடினால் பல பத்து வோல்ட் வரும். பேட்டரி தளர்ந்த காலை நேரத்தில் எஞ்சின் பற்றாததற்கு இந்தச் சிறிய வோல்ட்டும் ஒரு காரணம். அந்த அலையைச் சதுரத் துடிப்பாக மாற்ற இசியுவில் தனிச் சுற்று வேண்டும். ஸ்பீடுயினோ போன்ற இசியு பலகைகளில் அதைத் தனியாக வாங்கிச் செருகி, இணைப்பைத் தேர்வு செய்யும் ஜம்பரையும் மாற்ற வேண்டும்.

பலர் தவறவிடுவது துருவத்தை. பல் நெருங்கும்போது அலை ஏறி, பல்லின் நடு மையம் சென்சாருக்கு நேரே வரும்போது செங்குத்தாகச் சரிந்து பூஜ்யத்தைக் கடக்க வேண்டும். இரண்டு வயரும் இடம் மாறினால் அந்தச் செங்குத்துச் சரிவு ஏற்றமாகிவிடும். இசியு சாய்வான பக்கத்தை எண்ணத் தொடங்கும். பல் விடுபட்ட இடத்தில் அந்தச் சாய்வு இன்னும் நீளும். எஞ்சின் பற்றிவிடுவதால் எல்லாம் சரி என்று தோன்றும், ஆனால் வேகம் கூடக் கூட டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், நகரும். அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது வயர். முறுக்கிய இரட்டை வயர், மேலே உலோகப் பின்னல் கவசம், இதில் சமரசம் வேண்டாம். கவசத்தின் ஒரு முனையை மட்டும், இசியு பக்கத்தில், எர்த் செய்யுங்கள். சென்சார் பக்கத்தில் பின்னலை ஒட்ட வெட்டி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள். இரண்டு முனையிலும் எர்த் செய்தால் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான மின்னோட்டம் கவசத்தின் வழியாகவே பாயும். இரைச்சலைத் தடுக்கப் போட்டதே இரைச்சலைக் கொண்டுவரும். இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர் வயர்களோடு இதைச் சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் செங்கோணத்தில் கடக்க விடுங்கள்.

ஹால் சென்சார் வேறு மாதிரி. காந்தப்புல மாற்றத்தை உணரும் எலக்ட்ரானிக் பாகம் இது. மின்சாரம், எர்த், சிக்னல் என்று மூன்று வயர். சுற்று வேகம் எதுவானாலும் ஒரே உயரத்தில் தெளிவான சதுரத் துடிப்பு. எஞ்சின் ஓடாமலே சோதிக்கலாம் என்பதே எனக்கு இதில் மிகப் பிடித்தது: மீட்டரைச் சிக்னலில் வைத்து, புல்லியை ஸ்பேனரால் மெல்லத் திருப்பினால், பல் வரும்போதும் போகும்போதும் வோல்ட் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் பல ஹால் சென்சார்கள் சிக்னலை எர்த்துக்கு இழுக்க மட்டுமே செய்யும். மேலே தூக்க ஒரு ‘புல்-அப்’ ரெசிஸ்டர் வேண்டும். 1 முதல் 4.7 கிலோ ஓம் வரை, 5 வோல்ட்டுக்கு. சில இசியுக்களில் உள்ளேயே இருக்கும், சிலவற்றில் மென்பொருளில் இயக்க வேண்டும். அது இல்லாமல் நல்ல சென்சாரைக் கெட்டதென்று குப்பையில் போடுகிறார்கள். இசியுவில் புல்-அப் இல்லையென்றால் புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் ஒரு ரெசிஸ்டர் வாங்கினால் முடிந்தது.

வயரை மட்டும் எண்ணி வகையை முடிவு செய்யாதீர்கள். மூன்று வயர் உள்ள விஆர் சென்சார்களும் உண்டு; மூன்றாவது அதன் கவசம். இரண்டு முனைகளுக்கிடையே சில நூறு முதல் சில ஆயிரம் ஓம் காட்டினால் அது பெரும்பாலும் விஆர்.

என் தேர்வு இதுதான். எஞ்சினில் கம்பெனியே வைத்த விஆரும் கிராங்க் சக்கரமும் இருந்தால் தொடாதீர்கள். மாற்ற வேண்டியது வயர்தான். புதிதாகச் சக்கரம் வெட்டி, பிராக்கெட் செய்து பொருத்துவதானால் ஹால். எக்ஸாஸ்ட் குழாயை மட்டும் ஒட்டி வைக்காதீர்கள். இந்த ஊர் நெரிசலில் நின்று நின்று வரும் காரில் அந்த இடத்துச் சூடு ஹாலுக்கு ஆகாது. எரிபொருளைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் அதனதன் முறையில் இயக்க, வால்வுகளை இயக்கும் கேம் தண்டுக்கும் ஒரு சென்சார் வேண்டும். அதற்கும் ஹாலே வசதி.

எதைத் தேர்ந்தாலும் முதலில் இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி, லேப்டாப்பில் வேகம் நிலையாகத் தெரிகிறதா, பல் எண்ணிக்கையில் ஒத்திசைவு விட்டுப்போகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடிய பிறகு டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, ஐடிலிலும் நான்காயிரம் சுற்றிலும், தீப்பொறி விழும் நொடியில் மின்னும் டைமிங் லைட்டைப் புல்லியில் அடியுங்கள். புல்லியில் உள்ள குறி நகர்ந்தால், டியூனிங் மேசைக்குப் போகாமல் வயருக்குத் திரும்புங்கள்.